செத்த எறும்புகளின் சட்டை

ஸ்டீபன்,

இந்தக் கடிதத்தை பஸ்ஸில் நின்றுகொண்டோ, கம்பெனி கேன்டீனில் நாலு பேருக்கு நடுவிலோ படிக்காதே. ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம்தான். மூன்று தடவை உன் செல்லுக்கு அடித்தேன். மூன்று தடவையும் சாப்பிட்டாயா, அங்கே மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். என் நாக்கு அப்படிப்பட்டது. வியாழக்கிழமை உன் கையில் சேர்த்துவிடுவதாக கூரியர்காரன் சத்தியம் செய்திருக்கிறான். சனிக்கிழமை நீ புறப்பட்டு வருவாய். ஞாயிறு காலைப் பூசையில் இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சனங்களுக்கு அறிவிக்கும் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாகப் படிப்பார்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது உனக்குப் பிடிக்காது, அதனால் அடுத்த பத்தியிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஓலையில் இன்னார் மகன் என்று வருமில்லையா, அங்கே என் பெயர் வராது. காலஞ்சென்ற சூசையின் மகன் என்று படிப்பார்கள். ஆமாம், நம் சூசை சித்தப்பாதான். வருடா வருடம் கல்லறைத் திருநாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்து மெழுகுவர்த்தி ஏற்றினாயே, அந்தக் கல்லறையில் இருப்பவன்தான் உன்னைப் பெற்றவன். நான் அவனுடைய சிநேகிதன். உனக்கு இரண்டரை வயதில் அவன் செத்துப்போனான். அதற்கு அடுத்த வருடம் நான் உன் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். ஸ்கூலில் சேர்க்கும்போது உன் பெயருக்கு முன்னால் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். பிழைக்க வந்த ஊரில் சொந்தபந்தம் இல்லாததால் விஷயம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான், எல்லாரும் எங்கள் பீங்கான் ஷெட்டு ஆட்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். ஆறாம் வகுப்பிலேயே உன்னை வெளியூர் ஹாஸ்டலில் விட்டதற்கும் அதுதான் காரணம். படிப்புக்காக என்று உன்னிடம் சொன்னது பாதிப் பொய்.

இவ்வளவு மட்டும் என்றால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். எப்படி உன்னிடம் வந்து சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு ஒரு பூச்சி தேவைப்படுகிறது. சிரிக்காதே. கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றும் நினைக்காதே, அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது.

நானும் சூசையும் ஒரே பீங்கான் ஷெட்டில் வேலை பார்த்தோம். அவன் அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிறவன். நான் அச்சிலிருந்து எடுத்த பொம்மையைச் சுரண்டி, ஓரம் தேய்த்து, ஸ்பாஞ்சால் துடைக்கிறவன். எதிரெதிர் இடம். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கண்ணுக்கு முன்னால் இருந்த முகம் அவனுடையதுதான். மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டான். அவன் இடத்தில் என்னை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்த முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். அவன் கடைசியாக ஊற்றிய பொம்மைகள் பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கண் எழுதாத பொம்மைகள். சூளைக்குப் போகாத அந்தப் பச்சை முகங்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்றே தெரியாது. அந்தக் கால்களுக்கு நடுவில் செத்த எறும்புகளின் குவியல் ஒன்று கிடந்தது. யாரோ கூட்டி ஒதுக்கியது என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது.

நாலு அடி வைத்தது, நின்றது, லேசாக ஆடியது, மறுபடி நாலு அடி. எறும்பு ஒவ்வொன்றும் செத்து, கால் மடங்கி, காய்ந்துபோனது. ஆனால் குவியல் நடக்கிறது. துடைப்பக் குச்சியால் மெல்ல நெம்பினேன். அடியில் உளுந்து அளவில் ஒரு பூச்சி, உடம்பு முழுக்க ஷெட்டின் வெள்ளைக் களிமண் தூளைப் பூசிக்கொண்டு நின்றது. ஓடவில்லை. பின்னங்காலால் தூளை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. பிறகு நான் தள்ளிவிட்ட பிணங்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து மேலே அடுக்கியது.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் அதனோடுதான். எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் போய் அது நிற்கும். எறும்புகள் வந்து மீசையால் தடவிப் பார்க்கும். அவற்றின் மீசைக்குத் தட்டுப்படுவது செத்துப்போன கூட்டாளியின் உடம்பும் வாசமும்தான். நம்ம ஆள்தான் என்பதுபோல் விலகிப் போகும். ஒன்று கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்டால் அடியிலிருந்து ஊசிபோல் ஒரு மூக்கு வெளியே வரும். ஒரே குத்து. எறும்பு கொஞ்ச நேரம் காலை உதைக்கும், அப்புறம் அடங்கிவிடும். உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து கூழாகும்போல. அவசரமே இல்லாமல் உறிஞ்சும். கால் மணி நேரம், அரை மணி நேரம். கடைசியில் வெறும் கூடாகிவிட்ட அந்த எறும்பும் முதுகுக்குப் போய்விடும். அடுத்த எறும்பு வந்து அதைத் தடவிப் பார்க்கும். நான் சோற்றுத் தூக்கைத் திறக்காமலே பார்த்துக்கொண்டிருப்பேன். அடித்துக் கொல்ல எத்தனையோ தடவை கை போயிற்று. ஏனோ கொல்லவில்லை.

அதே மாதம்தான் நீ சாப்பாட்டை நிறுத்தினாய். சூசை போனபிறகு யார் தூக்கினாலும் வில்லாக வளைந்து அலறுவாய். அம்மாவிடம்கூடப் பாதி நேரம் போகமாட்டாய். வாசல்படியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாய். கைகால் எல்லாம் ஈர்க்குச்சியாகிவிட்டது. பிழைக்காது என்று ஷெட்டிலேயே ஒருத்தி சொன்னாள். நான் வேலை முடிந்ததும் எதையாவது வாங்கிக்கொண்டு வருவேன். நீ என்னைப் பார்ப்பாய், அவன் இல்லை என்று தெரிந்ததும் மறுபடி ரோட்டைப் பார்ப்பாய். ஒரு சாயங்காலம் அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். உள்ளே ஆணியில் சூசையின் காக்கிச் சட்டை தொங்கியது. துவைக்காத சட்டை. கூழ் காய்ந்த வாசம், பீடி வாசம், அவன் தலைக்குத் தடவும் எண்ணெய் வாசம். என் சட்டையைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து உட்கார்ந்தேன். நீ திரும்பினாய். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நெஞ்சில் மூக்கை வைத்து மோந்தாய். பிறகு இரண்டு கையையும் தூக்கினாய். பத்து நிமிடத்தில் என் தோளில் தூங்கிவிட்டாய். தூங்குவதற்கு முன் ஒரு சொல் சொன்னாய். அந்தச் சொல் சட்டைக்குச் சொன்னது, ஸ்டீபன். வாங்கிக்கொண்டவன் நான்.

பிள்ளை பிழைக்க வேண்டுமென்றுதானே செய்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான் அது. சூசை உயிரோடு இருக்கும்போதே உன் அம்மாவை எனக்குப் பிடிக்கும். அவனுக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும்போது கேட் தாண்டும்வரை பார்ப்பேன். தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒரு தடவை தொட்டதில்லை. ஆனால் பார்த்தேன். அவன் செத்த அன்று என் கண்ணில் வந்த தண்ணீர் நிஜம். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது என்பதும் நிஜம். சாமியார் காதில் பாவத்தைச் சொல்லும் எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் அதைச் சொன்னதில்லை. முதன்முதலாக உன்னிடம்தான் சொல்கிறேன்.

தினமும் சட்டை போட்டேன். பத்துப் பதினைந்து நாளில் அதில் அவன் வாசம் குறைந்து என் வாசம் ஏறியது. நீ தோளில் சாயும்போதே சந்தேகமாக மோந்து பார்க்க ஆரம்பித்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவன் பலகையில் படிந்திருந்த தூளை வாரிக் காலரில் தேய்த்தேன். பீடி பிடிக்காதவன் பீடி வாங்கிப் பற்றவைத்துப் புகையைச் சட்டைமேல் விட்டேன். அவன் எண்ணெயை வாங்கித் தலைக்குத் தடவினேன். அவனைப்போலச் சைக்கிள் மணியை இரண்டு தடவை விட்டுவிட்டு அடித்தேன். வாசலில் நின்று அவனைப்போல ஒரு இருமல் இருமினேன். ஒரு நாள் அந்த மணியும் இருமலும் கேட்டு உன் அம்மா பழக்கதோஷத்தில் செம்பில் தண்ணீரோடு வெளியே வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். செம்பு சாய்ந்து தண்ணீர் காலில் கொட்டியது. அவள் முகத்தில் அன்றைக்கு இருந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. கடைசியில் செம்பை என்னிடம் நீட்டினாள். மிச்சம் இருந்த தண்ணீரை நான் குடித்தேன்.

இப்போது இருமல் வந்தால் அது என் இருமலா அவன் இருமலா என்று எனக்குத் தெரியாது. தலைவகிடு இடப்பக்கம் எடுக்கிறேன், அது யாருடையது? எனக்கு ரசத்தில் பூண்டு பிடிக்காது என்று நீயும் அம்மாவும் கேலி செய்வீர்கள். எனக்குப் பூண்டு பிடிக்கும். அவனுக்குத்தான் பிடிக்காது. போன மாதம் நிச்சயதார்த்தத்தன்று சாயங்காலம் நீ வேட்டி கட்டிக்கொண்டு வாசல் நிலையில் கை ஊன்றி நின்றாய். வெளிச்சம் உன் முதுகுப் பக்கம், முகம் தெரியவில்லை. ஒரு தோளைச் சாய்த்து, ஒரு காலை மடக்கி, சூசை நின்றுகொண்டிருந்தான். இத்தனை வருடம் நான் பாடுபட்டுப் பழகியதை நீ பழகாமலே செய்தாய். அவன் வந்து என்னைப் பார்க்கிறான், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கப்போகிறான் என்று நினைத்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். "என்னாப்பா, தலை சுத்துதா?" என்று நீ ஓடிவந்தாய். வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன செவ்வாய்க்கிழமை உன் ஞானஸ்நானச் சான்று வாங்கக் கோயிலுக்குப் போனேன். சாமியாருக்கு உதவியாகப் பதிவேடு பார்க்கும் உபதேசியார் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விரலை வைத்துப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டீபனுக்கு அப்பா பேரு வேற போட்டிருக்குதுங்களே?" என்றார். புது ஆள், நல்ல மனுஷன், என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். குரலைத் தணித்து, "சான்றுல புஸ்தகத்துல உள்ளதுதான் வரும். ஓலையில வேணும்னா உங்க பேரையே படிச்சிடறேன். சனங்களுக்கு என்னா தெரியப் போவுது? பையன் மனசு எதுக்கு நோவணும்?" என்றார். சரி என்றேன். யோசிக்கவே இல்லை. சந்தோஷமாகச் சைக்கிள் மிதித்து வூடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் நீ கட்டிக்கொள்ளப் போகும் ரெஜினா வந்தாள். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஸ்கூலுக்குப் போகிற வழியில், அவர்கள் கோயில் சான்றை நம் உபதேசியாரிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுக்க வந்தாள். அம்மா டீ போடுவதற்குள் கொல்லைப் பக்கம் கை கழுவப் போனவள், அங்கே கீற்றுக் கொட்டகையில் நான் அடுக்கி வைத்திருக்கும் கீறல் விழுந்த பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "மாமா, இங்க வாங்களேன், இது எவ்ளோ நாளா இருக்குது?" என்று கத்தினாள். உன் ஆள் விலங்கியல் டீச்சர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொம்மைக் காலடியில் அதே குவியல், முதுகில் கருப்பு எறும்புகள். ஷெட்டை விட்டு நான் வந்தபிறகும் இந்தத் தூளில் அதன் வம்சம் எப்படியோ வந்து சேர்ந்திருக்கிறது.

"கொலகாரப் பூச்சின்னு சொல்லுவாங்க மாமா. அசாசின் பக். கையில எடுத்துடாதீங்க, குத்துனா உயிரு போற மாதிரி வலிக்கும்," என்றாள். ஏன் பிணத்தைச் சுமக்கிறது, எறும்பை ஏமாற்றவா என்று கேட்டேன். "அதுவும் சொல்லுவாங்க. பெரிய காரணம் பயம் மாமா. பல்லி, சிலந்தி எல்லாம் எறும்புன்னா கிட்ட வராது. எறும்புக் கும்பல் மாதிரி இருந்தா தப்பிச்சிக்கலாம். குட்டியா இருக்கற வரைக்கும்தான் இந்த வேஷம். அஞ்சு தடவ தோலு உரிக்கும். ஒவ்வொரு தடவயும் வெறும் உடம்பா வந்து நிக்கும், திரும்பவும் மொதல்லேந்து தூளப் பூசி, பொணத்த அடுக்கும். கடைசி தோலு உரிச்சி ரெக்க வந்துட்டா எதையும் தூக்காது. கருப்புல மஞ்சப் பொட்டு, அதோட சொந்த நெறம். அதப் பாத்தா ரெண்டும் ஒரே பூச்சின்னு யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள். பிறகு டீயைக் குடித்துவிட்டு, "போயிட்டு வரேன் மாமா," என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அவளுக்கு விஷயம் எதுவும் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால் சொல். வேறொருவன் சட்டையைப் போட்டுக்கொண்டு பெண்டாட்டி முன்னால் ஒரு நாள்கூட நிற்காதே. முதல் நாள் சுலபமாகத்தான் இருக்கும். அப்புறம் கழற்றவே முடியாது, அனுபவத்தில் சொல்கிறேன்.

ரெஜினா போனதும் கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பயம் என்றாளே, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. உன்னை ஏமாற்றி உள்ளே நுழைந்தது ஆசையால். அது ஒரு வருடத்தில் தீர்ந்த கதை. மற்ற வருடமெல்லாம் சூசையை நான் சுமந்தது பயத்தால்தான். நீ ஒரு நாள் என் முகத்தைச் சரியாகப் பார்த்துவிடுவாய், யார் நீ என்று கேட்டுவிடுவாய் என்ற பயம். ஓலையில் என் பெயர் என்று உபதேசியார் சொன்னதும் சரி என்றேனே, அதுவும் அதே பயம்தான். செத்தவனிடமிருந்து நான் எடுக்காமல் விட்டிருந்தது அந்தக் கோயில் புத்தகத்தில் இருந்த ஒரு வரிதான். அதையும் எடுத்து முதுகில் போட்டுக்கொள்ளப் பார்த்தேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

உனக்கு எல்லாவற்றையும் எழுதப்போவதாக அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள், கையை எடுக்கவில்லை. "எழுதுங்க. ஆனா நீங்க மட்டும் புள்ளய ஏமாத்துனதா எழுதாதீங்க," என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "அந்தச் சட்டய நான் ஏன் தொவைக்கல? நீங்க வர்ற நேரத்துக்கு ஏன் தண்ணி எடுக்கப் போனேன்? ஆணியில தொங்க வுட்டதே நாந்தாங்க. புள்ள செத்துடும்னு பயம் எனக்கு. அவரு வாசம் வூட்ட வுட்டுப் போயிடும்னும் பயம்," என்றாள். இருபத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம், ஸ்டீபன். இதை அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் திருடியதாக நினைத்துக்கொண்டிருந்ததை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் கோபம் வந்தது, உடனே அழுகையும் வந்தது. இரண்டு பேரும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதோம், அன்றைக்குச் சோறு குழைந்துபோயிற்று. அம்மாவை எதுவும் கேட்காதே. அவள் சொல்ல வேண்டியதை இந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட்டாள்.

சாயங்காலமே கோயிலுக்குப் போய், புத்தகத்தில் உள்ள பெயரையே படியுங்கள் என்று உபதேசியாரிடம் சொன்னேன். அவர் என் பெயர் போட்டிருந்த தாளைக் கிழித்துப் போட்டார். என் முன்னாலேயே எழுதினார். காலஞ்சென்ற சூசையின் மகன் ஸ்டீபன். எழுத்து அழகாக இருந்தது. எழுதி முடித்துக் கல்யாண ரிஜிஸ்தரைப் பற்றிப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை பக்கம் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும், பெயரோடு உறவும் குறிக்க வேண்டுமாம். "நீங்களே போடுறீங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். பேனாவை வைத்துக்கொண்டு, "பையனுக்கு நீங்க என்னா மொறைன்னு எழுதிக்கட்டுங்க?" என்று கேட்டார். எத்தனையோ பொய்யைச் சுலபமாகச் சொன்ன வாய்க்கு அன்று ஒரு உண்மையும் கிடைக்கவில்லை. பையன் சனிக்கிழமை வருவான், அவனைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரமாட்டேன். நீ யாரைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியாது. வூட்டுக்கு வருவதற்கு முன்னால் கோயிலுக்குப் போ, உபதேசியார் ஆறு மணிவரை இருப்பார். சிநேகிதர் என்று சொன்னாலும் சரி, வளர்த்தவர் என்று சொன்னாலும் சரி, வேறொருவர் கையெழுத்துப் போடட்டும் என்று சொன்னாலும் சரி, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ என்ன எழுதச் சொன்னாய் என்பதை என்னிடம் சொல்லாதே. கல்யாணத்தன்று ரிஜிஸ்தரில் நானே குனிந்து படித்துக்கொள்கிறேன், கண்ணாடியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.